சிற்றில் சிதைக்காத பிள்ளை

படிப்பு வட்டப் பாடம்: பிள்ளைத்தமிழும் நம் வீட்டுப் பையன்களும்



‘இல்லறமும் பிள்ளை வளர்ப்பும்’ என்பது இந்த மாதப் பாடம் என்று அறிவித்ததும் உங்களில் சிலர் சிரித்தீர்கள். “எங்களுக்கு இன்னும் கல்யாணமே ஆகலையே, இதை இப்பவே படிச்சு என்ன செய்யப் போறோம்?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் இதுதான். உங்களில் பலருக்குத் தம்பி இருக்கிறான். அக்கா மகன் இருக்கிறான். வார இறுதியில் பாலர் வகுப்பில் நீங்கள் பார்த்துக்கொள்ளும் பையன்கள் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் உங்களைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள், நடக்கிறார்கள், கோபப்படுகிறார்கள். பிள்ளை வளர்ப்பு தாலி கட்டிய பிறகு தொடங்கும் வேலை அல்ல. நீங்கள் ஏற்கெனவே அந்த வேலையில்தான் இருக்கிறீர்கள்.

நான் இரண்டு பையன்களுக்கு அப்பா. பெரியவனுக்கு ஏழு வயது, தொடக்கநிலை ஒன்று. சின்னவனுக்கு நாலு வயது, பாலர் பள்ளி. நாலறை வீவக வீடு. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். என் அம்மா எங்களோடு இருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் உண்டு. எங்கள் வீட்டில் விசேஷமாக எதுவும் இல்லை. ஆனால் நம் மரபில் ஒரு விசேஷம் உண்டு. ஒரு குழந்தையின் அன்றாடத்தை அணு அணுவாகப் பார்த்துப் பாடுவதற்கென்றே தமிழில் ஓர் இலக்கிய வகை இருக்கிறது. அதன் பெயர் பிள்ளைத்தமிழ். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பாடத்தைப் படிக்கப் போகிறோம்.

1. பத்துப் பருவங்கள்

பிள்ளைத்தமிழ் என்பது கடவுளையோ, அரசரையோ, பெரியோரையோ சின்னக் குழந்தையாகப் பாவித்துப் பாடுவது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன் மேல் ஒரு பிள்ளைத்தமிழ் பாடினார். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மேல் ஒன்றும், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமி மேல் ஒன்றும் பாடினார். பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகனைப் பாடினார்.

நூல் பத்துப் பருவங்களாகப் பிரியும். ஆண்பிள்ளைக்கு: காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர். தெய்வங்களே காப்பாற்றுங்கள் என்று வேண்டுவது காப்பு. ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, கை இரண்டையும் தரையில் ஊன்றித் தலையை ஆட்டுவது செங்கீரை. கை தட்டுவது சப்பாணி. தளர்நடை போட்டு வா என்று கூப்பிடுவது வருகை. நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி.

பெண்பிள்ளைக்கு என்ன தெரியுமா? முதல் ஏழும் இவையேதான். கடைசி மூன்று மட்டும் மாறும்: அம்மானை, நீராடல், ஊசல் என்று. இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தூக்கம், பசி, முத்தம், நடை, மொழி எதிலும் ஆண் பெண் வேற்றுமை இல்லை. வேற்றுமை விளையாட்டில்தான் தொடங்குகிறது. அதனால் பையன்களை வளர்ப்பதில் நாம் அதிகம் கவனிக்க வேண்டிய இடமும் அந்த விளையாட்டுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

2. பாடியவர் ஓர் அப்பா

பிள்ளைத்தமிழுக்கு முன்னோடி என்று பெரியாழ்வாரைச் சொல்வார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் நந்தவனம் வைத்துப் பெருமாளுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்தவர். துளசிச் செடி அருகே கண்டெடுத்த பெண் குழந்தையை மகளாக வளர்த்தவர். அந்தக் குழந்தைதான் ஆண்டாள்.

திவ்யப் பிரபந்தத்தின் தொடக்கத்திலேயே அவருடைய பாசுரங்கள் வந்துவிடுகின்றன. அதில் அவர் யசோதையாக மாறிவிடுகிறார். கண்ணனைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டுகிறார். குளிக்கக் கூப்பிடுகிறார். காக்கையை அழைத்து, தலை வாரிவிட வரச் சொல்கிறார். பூச்சூட்டுகிறார். காது குத்தக் கூப்பிடுகிறார். அடம்பிடிக்கும் பிள்ளையை மாலையில் குளிப்பாட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஓர் ஆண், பக்தியின் உச்சம் என்று எதைத் தேர்ந்தெடுத்தார்? பிள்ளையைக் குளிப்பாட்டித் தலை வாரிவிடுவதை.

ஆகவே “பிள்ளையப் பாத்துக்கிறது பொம்பளைங்க வேலை” என்று யாராவது நம் கலாசாரத்தின் பேரில் சொன்னால், பெரியாழ்வாரைப் படித்தீர்களா என்று பணிவாகக் கேளுங்கள்.

எங்கள் வீட்டில் மாலைக் குளியல் என் பொறுப்பு. சின்னவன் தண்ணீரைக் கண்டால் உள்ளே வரமாட்டான். உள்ளே வந்துவிட்டால் வெளியே வரமாட்டான். தலை துவட்டுகிற அந்த ஐந்து நிமிடத்தில்தான் பாலர் பள்ளியில் யார் அடித்தான், யார் அழுதான் என்ற செய்தியெல்லாம் எனக்குக் கிடைக்கும். உட்கார வைத்து “இன்னைக்கு என்னடா நடந்துச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்பான். அப்பா பிள்ளைக்கு நெருக்கமாவது பேச்சில் அல்ல, வேலையில்.

3. தால்: நாக்கில் தங்கும் மொழி

தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு. குழந்தைக்கு முதலில் ஊட்டுவது பால். அடுத்து ஊட்டுவது மொழி.

2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 3.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றார்கள். 2020இல் அது 2.5 விழுக்காடு. அதே பத்தாண்டில் ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது. தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி. பள்ளியில் தாய்மொழிப் பாடம் உண்டு. தமிழ் முரசு 1935 முதல் வருகிறது. ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கிறது. எல்லாம் இருக்கிறது. ஆனால் சமையலறையில் தமிழ் இல்லாவிட்டால் இவை அனைத்தும் சேர்ந்தும் அதைக் காப்பாற்ற முடியாது.

பெரியவன் பள்ளி தொடங்கிய சில வாரத்தில் என்னிடம் கேட்டான்: “அப்பா, ஸ்கூல்ல தமிழ் டீச்சர் மட்டும்தான் தமிழ் பேசுறாங்க. அப்போ தமிழ் அவங்களுக்கு மட்டும்தானா?”

இதற்கு மொழிப்பற்று பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றலாம். ஏழு வயதுப் பையனுக்கு அது ஏறாது. அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவனை நான் தேக்காவுக்கு அழைத்துப் போகிறேன். சந்தையில் நான் வாயைத் திறப்பதில்லை. பட்டியல் அவன் கையில். “அண்ணே, கால் கிலோ வெண்டைக்காய் குடுங்க” என்று அவன்தான் கேட்க வேண்டும். முருங்கைக்காய், வாழைப்பூ, சேப்பங்கிழங்கு எல்லாவற்றுக்கும் பெயர் சொல்ல வேண்டும். பஃபலோ ரோட்டில் பூக்கட்டும் அக்காவிடம் ரெண்டு முழம் மல்லிகை வாங்க வேண்டும். முதல் வாரம் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே நின்றான். மூன்றாவது வாரம், “கொத்தமல்லி சும்மா குடுப்பீங்களா அண்ணே?” என்று கேட்டுவிட்டான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கட்டு போட்டார்.

தமிழால் ஒரு வேலை நடக்கிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். தெரிந்துவிட்டால் அது டீச்சரின் மொழியாக இருக்காது, அவன் மொழியாகிவிடும். இளையர்களே, இது உங்களாலும் முடியும். அக்கா பையனைச் சிராங்கூன் சாலைக்கு அழைத்துப் போக ஒரு காலைப் பொழுது போதும்.

4. அம்புலி: நான்கு வழிகள்

பிள்ளைத்தமிழ் பாடுவதில் அம்புலிப் பருவமே கடினம் என்பார்கள். நிலாவைக் குழந்தையோடு விளையாடக் கூப்பிட வேண்டும். அதுவும் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களாலும் கூப்பிட வேண்டும். ‘நீயும் என் பிள்ளையும் ஒரே மாதிரி, வா’ என்பது சாமம். ‘வந்தால் உனக்கு இன்னது கிடைக்கும்’ என்பது தானம். ‘உனக்குக் களங்கம் உண்டு, என் பிள்ளைக்கு இல்லை’ என்று வேறுபாடு காட்டுவது பேதம். ‘வராவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா’ என்பது தண்டம்.

அரச நீதியில் வரும் இந்த நான்கையும் நம் புலவர்கள் தாயின் வாயில் வைத்தார்கள். நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். இரவு எட்டு மணி. பையன் கையில் ஐபேட். “வை!” என்கிறோம். வைக்கவில்லை. அடுத்த நிமிடமே தண்டம். நடுவில் இருந்த மூன்று வழிகளையும் காணோம். இந்த ஊரில் பல வீடுகளில் அலமாரிக்கு மேல் ஒரு ரோத்தான் இருந்தது. என் தலைமுறைக்கு அது நன்றாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்த பிள்ளை, பார்க்காத இடத்தில் தவறு செய்யக் கற்றுக்கொண்டதையும் என் தலைமுறைக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் நாங்கள் கடைப்பிடிக்கும் வரிசை இது.

சாமம்: பக்கத்தில் உட்கார்ந்து, “என்னடா பாக்குற? எனக்கும் காட்டு” என்று ஒரு நிமிடம் சேர்ந்து பார்ப்பது. பிறகு, “இது முடிஞ்சதும் வைப்போமா?” தினமும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

தானம்: லஞ்சம் அல்ல. “வெச்சிட்டு வந்தா ஒரு கதை சொல்றேன்” என்று நம் நேரத்தைக் கொடுப்பது. மிட்டாய் கொடுத்தால் நாளைக்கு ரெண்டு மிட்டாய் கேட்பான்.

பேதம்: இங்கேதான் பலர் சறுக்குகிறோம். “பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு, அவன் எவ்ளோ நல்ல பிள்ளை!” பிள்ளையையும் பிள்ளையையும் பிரிக்கிற இந்தப் பேதம் அண்ணன் தம்பிக்குள்ளேயே பகையை வளர்க்கும். பிள்ளையையும் செயலையும் பிரிப்பதுதான் நல்ல பேதம். “நீ நல்லவன். இப்ப செஞ்சது நல்லதில்ல.”

தண்டம்: முன்கூட்டியே சொன்னது, சிறியது, சொன்னபடி நடப்பது. நாளைக்கு ஐபேட் இல்லை என்றால் இல்லைதான். பாட்டி கேட்டாலும் இல்லை. அடி இதில் சேராது. பிள்ளைத்தமிழிலும் தாய் நிலாவை மிரட்டுவதோடு சரி. ஒரு தாயும் கல்லெடுத்து நிலாவை எறிந்ததில்லை.

5. சிற்றில்: யார் கட்டிய வீடு?

இப்போது பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறோம்.

சிற்றில் என்றால் சின்ன வீடு. தெருவில் பெண் குழந்தைகள் மணலால் வீடு கட்டி விளையாடுவார்கள். அங்கே வரும் ஆண்பிள்ளை அதைக் காலால் சிதைப்பான். ‘எங்கள் சிற்றிலைச் சிதைக்காதே’ என்று அவர்கள் கெஞ்சுவார்கள். இது ஆண்பால் பிள்ளைத்தமிழின் எட்டாம் பருவம்.

பெரியாழ்வார் கண்ணனின் குறும்பையெல்லாம் தாயாக ரசித்துப் பாடினார் என்று பார்த்தோம். அதே வீட்டில் வளர்ந்த மகள் ஆண்டாள் என்ன பாடினாள்? நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் முழுவதும் சிற்றில் கட்டிய பெண்களின் குரல். முதுகு நோக நாளெல்லாம் உட்கார்ந்து செய்தோம், இதை நன்றாகப் பார், சிதைக்காதே என்று அவர்கள் கண்ணனிடம் முறையிடுகிறார்கள். அப்பா பையனின் குறும்பைப் பாடினார். மகள் அந்தக் குறும்பால் யாருக்கு வலிக்கிறது என்று பாடினாள். நம் மரபு இரண்டையும் ஒரே திவ்யப் பிரபந்தத்தில் வைத்துக் காத்தது. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலில் ஆண்டாள் சன்னிதி முன் நிற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

போன பள்ளி விடுமுறையில் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தை எங்கள் வீட்டுக்கு விளையாட வந்தது. சின்னவன் வயதுதான். கட்டைகளை அடுக்கி வாசல், சன்னல், மேலே ஒரு கூரை என்று அரை மணி நேரமாகக் கட்டியது. நம்மாள் எங்கிருந்தோ ஓடி வந்து ஒரே உதை. கட்டைகள் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தன. அந்தக் குழந்தை அழவில்லை. மெல்லக் கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு சுவரோரம் போய், நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மறுபடி கட்டத் தொடங்கியது.

என் அம்மா, “விடுப்பா, ஆம்பளப் புள்ளன்னா அப்படித்தான்” என்றார்.

“ஆம்பளப் புள்ளதான்ம்மா. அதனாலதான் இப்பவே சொல்லித் தரணும்” என்றேன்.

நாலு வயதுப் பிள்ளையின் உதை பெரிய குற்றம் அல்ல. ஆனால் அந்தக் குழந்தை முதுகைத் திருப்பிக்கொண்டது எனக்கு உறைத்தது. பையன்கள் உதைப்பார்கள், நாம் ஓரமாகப் போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் என்ற பாடத்தை அது நாலு வயதிலேயே படித்துவிட்டது. நாம் அன்று “விடு” என்று சொல்லியிருந்தால், என் மகனும் அந்தப் பாடத்தின் மறுபாதியைப் படித்திருப்பான்: நான் உதைக்கலாம், யாராவது வந்து எடுத்து வைப்பார்கள்.

அவனைத் திட்டவில்லை. “ஸாரி சொல்லு” என்று வெறும் வார்த்தையை வாங்கவும் இல்லை. சோபாவுக்கு அடியில் இருந்த கட்டைகளை அவனே குனிந்து எடுத்தான். அந்தக் குழந்தையிடம், “பாப்பா, அவனும் கட்டட்டுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “நான் சொல்ற மாதிரிதான் கட்டணும்” என்றது. இருபது நிமிடம் அது சொன்ன இடத்தில் அவன் கட்டையை வைத்தான். ஓர் இடத்தில் வேண்டாம் என்றது; எடுத்துவிட்டான். அன்றைக்கு அவன் கற்றதில் முக்கியமானது அதுதான்: ஒருவர் ‘வேண்டாம்’ என்றால் கையை எடுக்க வேண்டும்.

கண்ணன் சிற்றிலைச் சிதைத்தால் அது லீலை. நம் அகந்தையைக் கலைக்கிறான் என்று பக்தர்கள் பொருள் கொள்வார்கள். சரி. ஆனால் நம் வீட்டுப் பையன் கண்ணன் இல்லை. அவனுக்கு ‘குட்டிக் கிருஷ்ணன்’ வேடம் போட்டுப் படம் எடுக்கலாம். அவன் செய்வதெல்லாம் லீலை என்று விட்டுவிட முடியாது.

6. சிறுபறை, சிறுதேர்: சத்தமும் உழைப்பும்

சிறுபறைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பையன் இருக்கும் வீட்டில் பாத்திரமும் கரண்டியும் இருந்தால் போதும். கீழ்வீட்டுக்காரர் மேல் இரக்கம் வைத்து இரவில் மட்டும் நிறுத்திவிடுங்கள்.

சிறுதேர் என்பது சின்னத் தேரை இழுத்து விளையாடுவது. தைப்பூசத்துக்கு முதல் நாள் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலிலிருந்து முருகன் வெள்ளி ரதத்தில் கியோங் சேக் சாலை லயன் சித்தி விநாயகர் கோயிலுக்குப் போவதை என் பையன்கள் வாய் பிளந்து பார்ப்பார்கள். ரதம் ஜொலிப்பதற்கு யாரோ அதைத் துலக்க வேண்டும், யாரோ பூக்கட்ட வேண்டும், யாரோ அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்க வேண்டும். கோயிலில் தொண்டூழியம் செய்த உங்களுக்கு இது தெரியும். வீடும் அப்படித்தான் ஓடுகிறது. பண்டிகைக்கு அடுக்கடுக்காய்ப் பலகாரம் வைத்த தட்டு பையன் கண்ணுக்குத் தெரிகிறது. அதன் பின்னால் இருக்கும் கை தெரிவதில்லை.

எங்கள் வீட்டில் சின்னவன் செருப்புகளை ஜோடி சேர்த்து வைக்க வேண்டும், அழுக்குத் துணியைக் கூடையில் போட வேண்டும். பெரியவன் இரண்டு டம்ளர் அரிசி களைய வேண்டும், வெள்ளிக்கிழமை குத்துவிளக்கைத் துடைக்க வேண்டும். துணி காயப்போடும்போது கிளிப் எடுத்துக் கொடுப்பான். மூங்கில் கழியை வெளியே நீட்டுவது பெரியவர்கள் வேலை, சன்னல் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. சாப்பிட்ட தட்டை அவரவர் எடுக்க வேண்டும். அரிசி பாதி தொட்டியில் போகும். நாமே செய்தால் ஐந்து நிமிடத்தில் முடியும். பரவாயில்லை, போகட்டும்.

பணிப்பெண் இருக்கும் வீடுகளில் இது இன்னும் அவசியம். 2013 முதல் அவர்களுக்கு வார ஓய்வு நாள் உண்டு. 2023 முதல், மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது. ஓய்வாகவே கொடுக்க வேண்டும். அந்த நாளில் தட்டு யார் கழுவுகிறார்கள் என்று உங்கள் தம்பி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

7. சட்டமும் கடனும்

சிங்கப்பூரில் 1961இல் மாதர் சாசனம் வந்தது. அதற்கு முன் இந்து வழக்கப்படி ஓர் ஆண் ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியரை மணக்க முடிந்தது. சாசனம் அதை நிறுத்தியது. குடும்பத்தை நடத்துவதில் கணவன் மனைவி இருவருக்கும் சம உரிமை என்றது. பிள்ளைகளைப் பேணுவதில் இருவரும் ஒத்துழைக்க வேண்டும் என்றது. தந்தையர் விடுப்பு 2013இல் ஒரு வாரமாகத் தொடங்கியது, 2017இல் இரண்டு வாரமானது, 2025 ஏப்ரல் 1 முதல் நான்கு வாரம். சட்டம் நேரம் கொடுத்துவிட்டது. அந்த நான்கு வாரத்தில் குழந்தையைக் குளிப்பாட்டப் போகிறோமா, கைப்பேசியைப் பார்க்கப் போகிறோமா என்பதைச் சட்டம் சொல்லாது.

நம் நூல் சொல்கிறது. புறநானூறு 312ஆம் பாட்டில் பொன்முடியார் என்னும் புலவர், ஒரு மகன் ஆளாவதற்கு யார் யாருக்கு என்ன கடன் என்று பிரித்துக் கொடுக்கிறார். பெற்று வளர்ப்பது தாய்க்கு. வேல் செய்து கொடுப்பது கொல்லனுக்கு. ஒழுக்கம் தருவது அரசனுக்கு. களம் சென்று போரிட்டு மீள்வது அந்த இளைஞனுக்கு. தந்தைக்கு? அவனைச் சான்றோன் ஆக்குவது. சம்பாதித்துப் போடுவது என்று சொல்லவில்லை.

1967 முதல் இந்த ஊர்ப் பையன்கள் 18 வயதில் தேசிய சேவைக்குப் போகிறார்கள். சீருடையும் துப்பாக்கியும் ஒழுங்கும் அரசாங்கம் தரும். படுக்கையை மடிக்கவும் காலணியைத் துலக்கவும்கூட அங்கே கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் ‘வேண்டாம்’ என்று ஒரு பெண் சொன்னால் கையை எடுக்க வேண்டும் என்பதையும், அடுத்தவர் உழைப்பைக் காலால் தள்ளக்கூடாது என்பதையும் 18 வயதில் தொடங்கிக் கற்பிக்க முடியாது. பெரியவனுக்கு இன்னும் பதினொரு ஆண்டு இருக்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 570 சனிக்கிழமை. அதிகம் போலத் தெரியும். அதில் எத்தனையோ துணைப்பாட வகுப்புக்குப் போய்விடும்.

கலந்துரையாடச் சில கேள்விகள்

1. உங்கள் வீட்டில் அண்ணன் தம்பிக்கும் அக்கா தங்கைக்கும் வீட்டு வேலை எப்படிப் பிரிந்திருக்கிறது? யார் பிரித்தார்கள்?

2. சிறு வயதில் உங்களிடம் நான்கு உபாயங்களில் எது அதிகம் பயன்பட்டது? உங்களை மாற்றியது எது?

3. பெரியாழ்வார் குரலையும் ஆண்டாள் குரலையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். உங்கள் நண்பர் வட்டத்தில் ‘சும்மா விளையாட்டு’ என்று சொல்லப்படும் எதனால் யாருக்கு வலிக்கிறது?

இந்த மாதப் பயிற்சி

இளைஞர்கள்: ஒரு வாரம் முழுக்க வீட்டில் யாரும் சொல்லாமல் ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். செய்தேன் என்று யாரிடமும் சொல்லாதீர்கள்.

இளம்பெண்கள்: உங்கள் தம்பியோ அண்ணனோ உங்கள் உழைப்பைக் கலைத்த ஒரு சந்தர்ப்பம் இருந்தால், சுவரோரம் போகாமல் அவனிடமே நேரே சொல்லிப் பாருங்கள்.

எல்லாரும்: ஒரு சின்னப் பையனைத் தேக்காவுக்கு அழைத்துப் போங்கள். பட்டியலை அவன் கையில் கொடுங்கள். நீங்கள் பேசாதீர்கள்.

அடுத்த வகுப்பில் என்ன நடந்தது என்று வந்து சொல்லுங்கள்.